கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

சில வருசம் முன்பு ஒரு தனியார் அறக்கட்டளையின் ஆய்வுக்காக முக்கூடல் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலை பார்த்தேன். ஒரு திண்ணையில் மடியில் சுளகை வைத்து ஆச்சி ஒருவர் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். டேப்லெட்டைப் பார்த்து வரிசையாகக் கேட்டேன்: குழுக் கடன் உண்டா, சேமிப்பு எவ்வளவு, வீட்டில் முடிவெடுப்பது யார். பதில் சொன்னார். இலையை மடித்து நூல் சுற்றிய விரல் மட்டும் நிற்கவே இல்லை. கடைசியில், “எய்யா, கடையில கழிவுன்னு எத்தன பீடிய எடுத்துப் போடுதாவன்னு ஒருத்தரும் கேக்க மாட்டுக்காவளே?” என்றார்.

கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. இலை குறைந்தால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். அவர் வருமானத்தைத் தீர்மானிப்பதே அந்தக் கழிவுதான். எங்கள் கேள்வித்தாளில் அதற்கு இடம் இல்லை. நோட்டில் குறித்து வைத்தேன். “தாளில் இல்லாததை எழுதாதீங்க” என்றார் மேற்பார்வையாளர்.

அறக்கட்டளைப் பணம் என்றாலே சதி என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளை 1907-இலும் ராக்பெல்லர் அறக்கட்டளை 1913-இலும் தொடங்கின. சமூக அறிவியல் அங்கே வளர்ந்ததில் இவற்றின் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1952-இல் டெல்லியில் அலுவலகம் திறந்த போர்டு அறக்கட்டளையின் உதவி நம் பாளையங்கோட்டைக்கும் வந்தது. தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்துக்கு அது கைகொடுத்தது. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் ஆராயத் தகுந்தவை என்று நிலைநாட்டியதில் அந்த மையத்தை நான் மதிக்கிறேன்.

என் கோபம் வேறு. கேள்வி எங்கேயோ முடிவாகி, பிறகுதான் ஊருக்கு வருகிறது. இந்த வருசம் இந்தத் தலைப்பு என்று அறக்கட்டளை அறிவிக்கும். பணம் வேண்டுகிற ஆய்வாளர் தன் கேள்வியை அதற்கு ஏற்ப வளைப்பார். இரண்டு, மூன்று வருசத்தில் அறிக்கை ஆங்கிலத்தில் போய்ச் சேரும். ஊர்க்காரர் கண்ணில் அது படவே படாது.

நெல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற கங்கைகொண்டான் ஊரை நினைத்துப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களை வைத்து ஆய்வு செய்த ஊர்களில் அதுவும் ஒன்று. 1930-களில் மறுபடி போய்ப் பார்த்தார்கள். பிறகும் போனார்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது இப்படித் திரும்பத் திரும்பப் போனால்தான் தெரியும். இருபது வருசம் கழித்துத் திரும்பி வருவதற்கு இன்று எந்த அறக்கட்டளை காசு ஒதுக்கும்?

2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியதில், வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்க முடியாமல் போயிற்று. பெரிய நிறுவனம் வாங்கி நம்மூர்ச் சின்ன அமைப்புக்குக் கொடுக்கிற வழி அதோடு அடைபட்டது. ஆகவே உள்நாட்டு அறக்கட்டளைகளிடம்தான் கேட்கிறேன். தலைப்பை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கொஞ்சப் பணமானாலும் பத்து வருசத்துக்குக் கொடுங்கள். முடிவைத் தமிழில், அந்த ஊரிலேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆச்சி சொன்னதை எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையிலோ பாளைக் கல்லூரிகளிலோ பீடித் தொழிலை ஆய்வு செய்கிற பிள்ளைகள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், தருகிறேன். முக்கூடலுக்குக் கூடவே வரவும் தயார்.