கூழை வீட்டிலேயே காய்ச்சலாமே என்கிறவர்களுக்கு

போன சனிக்கிழமை மாமிக்கு, என் கணவரின் தாயாருக்கு, எழுபது வயது நிறைந்தது. யாழ்ப்பாணத்தில் சுண்டிக்குழிப் பக்கம், நடுவில் முற்றம் விட்டுக் கட்டிய பழைய நாற்சார் வீடொன்றைத் திருத்தி நடத்துகிற உணவகம் ஒன்றுக்கு அவரை அழைத்துப் போனோம். ஆளுக்கு 6,500 ரூபா. ஆறு வகை உணவு, ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டாவதாக வந்தது ஒடியல் கூழ், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் காய்ச்சுவது. இது உறவினர்களின் காதுக்கு எட்டியதிலிருந்து தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "கூழுக்கா இவ்வளவு காசு? வீட்டிலேயே காய்ச்சலாமே?"

காய்ச்சலாம். யார் காய்ச்சுவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் கூழ் என்றால் ஞாயிற்றுக்கிழமை. மாமி விடியப்புறம் ஐந்து மணிக்கே ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவார். கைப்புப் போக வேண்டுமே. மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும், அதுவும் பல தரம். அதற்குள் பாசையூரிலிருந்து மீனும் நண்டும் இறாலும் வந்துவிடும். நண்டைக் கழுவி உடைப்பது, இறால் உரிப்பது, மரவள்ளிக்கிழங்கை வெட்டுவது, பலாக்கொட்டையின் தோலை நகத்தால் கிள்ளி எடுப்பது, பயிற்றங்காய் முறிப்பது, முருங்கையிலை ஆய்வது, செத்தல் மிளகாயை அம்மியில் வைத்து அரைப்பது, பழப்புளி கரைப்பது. எல்லாம் ஒரே கை. கிழங்கும் கொட்டையும் அவிந்த பிறகு மீன், கடைசியில் மாக்கரைசலும் புளியும். மா விட்ட பிறகு அகப்பையை எடுக்கவே கூடாது, அடிப்பிடித்துவிடும்.

பிறகு முற்றத்து மாமரத்தின் கீழே நாங்கள் வட்டமாக உட்காருவோம். மாமி உட்காரமாட்டார். நின்றபடி ஒவ்வொருவருக்கும் ஊற்றுவார். அது முடிய, பேரப்பிள்ளைகளுக்கு நண்டுக் கோது உடைத்துச் சதை எடுத்துக் கொடுப்பார். எல்லோரும் கை கழுவிய பின்னர் சட்டியைச் சுரண்டித் தன் சிரட்டையில் ஊற்றும்போது கூழ் ஆறி, மேலே ஆடை பிடித்து, களி போல ஆகியிருக்கும். பதினான்கு வருடமாக அந்த வீட்டில் வாழ்கிறேன். மாமி சூடான கூழ் குடித்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் அவரை அழைத்துப் போனேன்.

முதலில் வந்தது புழுக்கொடியல் மாவை, அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கின் மாவைத், தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர்த்துப் பிடித்த சிறு உருண்டை. நன்றாகவே இருந்தது. அடுத்து ஆழமான மண் கிண்ணத்தில் கூழ், ஆவி பறக்க. மேலே முழுசாக எடுத்த நண்டுக்கால் சதை இரண்டு துண்டு. மாமி கரண்டியால் ஒருமுறை துழாவிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து, "கோது எங்கே பிள்ளை?" என்று கேட்டார். நண்டுக் கூழில் கோது இல்லாதது அவருக்குப் பெரிய சந்தேகத்தைக் கொடுத்துவிட்டது. சமைத்தவரைப் பார்க்க முடியுமா என்று பரிசாரகரிடம் கேட்டேன். குருநகரைச் சேர்ந்த இளைஞர், முப்பது வயதுகூட இராது, கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"எத்தனை தரம் தண்ணீர் மாற்றினீர் தம்பி?"

"மூன்று தரம் அம்மா."

"கோதை எறிந்துவிட்டீரோ?"

"இல்லை அம்மா. இடித்து அவித்து, அந்தத் தண்ணீரை வடித்துத்தான் மா கரைத்தேன். சதையை உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்தேன்."

மாமி இன்னொரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "புளி ஒரு சொட்டுக் கூடிவிட்டது. மற்றபடி சரி" என்றார். அந்தத் தம்பி தலையாட்டிவிட்டு, "ஆறுகிறது அம்மா, குடியுங்கள்" என்றார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லுகிறவர் மாமிதான். அவருக்கு ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மாமி நிமிராமல் குடித்து முடித்தார். உறைப்பில் நெற்றி வியர்த்து, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துத் துடைத்துக் குடித்தார். என் கணவர் தன் கிண்ணத்தைத் தொடாமல் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூழுக்குக் காசு கொடுக்க எங்களுக்கு மனம் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். இது எங்களைச் சாகாமல் காப்பாற்றிய உணவு. 1990களில், போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் வெளியிலிருந்து வர வேண்டியவை வராமல் நின்றபோது பனைதான் கை கொடுத்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, யாழ்ப்பாண நகரையும் சேர்த்து வலிகாமமே எழுந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது என் கணவருக்குப் பதினொரு வயது. மீசாலையில் ஒரு வளவில் மாமி மீனும் நண்டும் இல்லாமல், முருங்கையிலையும் மிளகாயும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கூழை அவர் இன்றும் சொல்லுவார். அப்படிப்பட்ட ஒன்றை வெள்ளைத் துணி விரித்த மேசையில் கண்டால் சிலருக்கு நெஞ்சு ஏற்கவில்லை. பஞ்சத்துச் சாப்பாட்டுக்கு இந்த விலையா என்கிறார்கள். என் மனம் வேறு பக்கம் போகிறது. எங்களை இந்த அளவு தாங்கிய உணவை நல்ல மேசையில் வைக்காமல் வேறு எதை வைப்பது?

'ரெஸ்டோரன்ட்' என்ற சொல்லே ஒரு வடிசாற்றின் பெயர்தான். 18ஆம் நூற்றாண்டில் பாரிசில், தளர்ந்த உடம்பைத் தேற்றும் இறைச்சிச் சாற்றை அப்படி அழைத்தார்கள். அதை விற்ற கடைகளுக்கும் பிறகு அதுவே பெயரானது. தளர்ந்த உடம்பைத் தேற்ற எங்களுக்குக் கூழைவிட என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகக் கொண்டுவருவது வெள்ளைக்காரப் பகட்டு என்று மச்சாள் ஒருவர் கோபித்தார். அந்த வழக்கம் பிரான்சுக்கே 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவிலிருந்து போனது. அதற்கு முன்னர் அவர்களும் விருந்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசையில் பரப்பினார்கள், நாங்கள் இலையில் பரப்புவதைப் போல.

இன்னொன்று எனக்குப் பெரிய ஆதங்கம். இங்கே பிடிபடும் பெரிய நண்டுகள் கால் கட்டப்பட்டு, வெளியே போகும் பெட்டியில் ஏறிவிடுகின்றன. கொழும்பில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011இல் தொடங்கிய நண்டு உணவகத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். சிங்கப்பூரில் 'இலங்கை நண்டு' என்று பெயர் சொல்லியே விற்கிறார்கள். அங்கே விலை கேட்டு ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. இங்கே எங்கள் கல்யாண மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ ஃபிரைட் ரைசும் சில்லி சிக்கனும். அதற்குத் தலைக்கு இத்தனை ஆயிரம் என்று கேட்டால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம். "வீட்டிலேயே காய்ச்சலாமே" என்ற வார்த்தை ஒடியல் கூழுக்கும் கத்தரிக்காய்ப் பால்கறிக்கும் மட்டுமே வருகிறது. ஏனென்றால் அதைச் சமைக்கும் பெண்ணுக்கு நாங்கள் ஒருநாளும் ஒரு சதமும் கொடுத்ததில்லை. அவளுடைய ஆறு மணி நேரத்தை மீனின் விலையிலும் மாவின் விலையிலும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

இரண்டு நாள் கூலியைவிடக் கூடிய தொகை இது என்பதை மறக்கவில்லை. நாங்களும் மூன்று மாதம் சேர்த்துத்தான் போனோம், இனி எப்போது போவோம் என்று சொல்ல முடியாது. போக முடியாதவரைக் குறை சொல்லி நான் எழுதவில்லை. நகைக்கடைக்கும் மண்டபத்துக்கும் கணக்குப் பாராமல் கொடுத்துவிட்டுக் கூழிடம் மட்டும் கணக்குக் கேட்பவர்களிடம்தான் பேசுகிறேன்.

அந்த உணவகத்திலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. உணவுப் பட்டியல் முழுவதும் ஆங்கிலத்தில். ஒடியல் கூழ் என்ற இரண்டு சொல்லைக்கூடத் தமிழில் எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில், ஒரு நாற்சார் வீட்டுக்குள், எழுபது வயதுவரை கூழ் காய்ச்சிய ஒருவருக்குத் தன் முன்னால் வரப்போவது என்னவென்று வாசிக்க முடியவில்லை. நான் வாசித்துச் சொன்னேன். போகும்போது அங்கிருந்த பொறுப்பாளரிடம் இதைச் சொன்னேன். திருத்துவதாகச் சொன்னார். திருத்த வேண்டும்.

பிறகு வந்தவற்றில் மொட்டைக்கறுப்பன் சோறும் கணவாய்க் கறியும் நன்றாக இருந்தன, சோறுதான் கொஞ்சம் ஆறியிருந்தது. கடைசியாகக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். அதற்கு அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. தோல் சீவி, கன்னம் கன்னமாக அரிந்து, குளிர வைத்துக் கொடுத்தார்கள். ஆனி மாதத்தில் அந்தப் பழத்துக்கு வேறென்ன செய்வது? மாமி கொட்டையைக் கேட்டு வாங்கிச் சூப்பினார்.

நேற்றுக் காலை மாமி கடுதாசியில் சுற்றிய பொதி ஒன்றை என் கையில் தந்தார். எங்கள் வளவு ஒடியலில் இடித்த மா, ஒரு கிலோ இருக்கும். "கைப்புக் குறைவு. அந்தத் தம்பியிடம் கொடு. இதற்கு இரண்டு தரம் தண்ணீர் மாற்றினால் போதும் என்று சொல்லு" என்றார்.

இன்று பின்னேரம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.