மணிக்கு 20 கிலோமீட்டர் வரம்பு கரையைக் காக்காது

ஏரியில் ஓடும் மோட்டார் படகுகளுக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் வேக வரம்பு வைத்தால் விபத்தும் குறையும், அலையால் கரை அரிப்பதும் குறையும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இரண்டாவது பாதி தவறு. 5 மீட்டர் நீள மோட்டார் படகு மணிக்கு 8 கிலோமீட்டருக்குள் போனால் அலை சிறியது. 10-ஐத் தாண்டியதும் பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கு தூக்கிக்கொண்டு, தண்ணீரை உழுதபடி போகும். பெரிய அலை எழுவது அப்போதுதான். 25, 30-ஐத் தொட்டு நீர்மேல் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் அலை மறுபடி சிறுக்கும். ஆக, 20 என்ற வரம்பு படகை அந்த மோசமான இடத்திலேயே நிறுத்திவிடும். தூக்கிய மூக்கு மறைப்பதால் எதிரே நீந்துகிறவர் தலைகூட ஓட்டுபவர் கண்ணில் படாது. கரையோரத்துக்கு 8, நடு ஏரிக்குத் தனி வரம்பு என்று பிரிப்பதே சரி. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், ஆபத்து தெரிந்தால் ஜெட் ஸ்கீயின் (நீரில் ஓடும் ஸ்கூட்டர்) விசையை, அதாவது ஆக்சிலரேட்டரை, விட்டுவிட்டுத் திருப்பினால் போதும் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்! பின்னால் பீய்ச்சும் நீர்தான் அதைத் திருப்புகிறது. விசையை முழுதாக விட்டால் பீய்ச்சல் அடங்கிவிடும்; கைப்பிடியை எவ்வளவு ஒடித்தாலும் பெரும்பாலும் நேராகவே போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 வினாடிக்கு 50 மீட்டர்! விசையைப் பிடித்தபடியேதான் ஒடிக்க வேண்டும். புதிய மாடல்கள் சிலவற்றில் பிரேக் உண்டு, பழையவற்றில் கிடையாது. வாடகைக்குக் கொடுக்கும்போது இதைக் கரையிலேயே செய்துகாட்டி, கில் ஸ்விட்ச் கயிற்றை (ஓட்டுபவர் விழுந்தால் கழன்று இன்ஜினை நிறுத்தும் கயிறு) அவருடைய மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டிய பிறகே இன்ஜினைக் கிளப்ப விட வேண்டும்.