டைபெப்டைடு என்றாலே விஷமா?

"டைபெப்டைடு ஃபேக்டரியில் செய்யும் ரசாயனம், இயற்கையில் கிடையவே கிடையாது, டயட் கோலாவில் கலக்கிறார்கள்" என்று கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தப்பு.

புரதத்தின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்கள் இரண்டு, பெப்டைடு பிணைப்பு என்ற வேதிப் பிணைப்பால் கோத்துக்கொண்டால் அது டைபெப்டைடு, அவ்வளவுதான். முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை வந்து இறங்குகிற சூரை மீனை வெட்டும்போது தெரியும் சிவந்த சதை இருக்கிறதே, அதிலேயே அன்செரின் என்ற டைபெப்டைடு இருக்கிறது, கோழிக்கறியிலும் உண்டு. கார்னோசின் என்ற இன்னொரு டைபெப்டைடு நம் தசையிலும் மூளையிலும் இருக்கிறது. 1900-லேயே அதை இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். மீனே தொடாதவரா? சரி, சாம்பார் பருப்பின் புரதம் செரிக்கும்போதும் டைபெப்டைடுகள் உருவாகி, சிறுகுடல் அவற்றை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது.

அந்த டயட் கோலா சமாச்சாரத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. அதில் சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்குச் சேர்க்கும் அஸ்பார்ட்டேம் ஒரு டைபெப்டைடின் மெத்தில் எஸ்டர் (டைபெப்டைடோடு ஒரு சின்ன மெத்தில் தொகுதி சேர்ந்த சேர்மம்), 1965-ல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது. ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும்.