மேட்டூர் மால்கோ மூடியது பாக்சைட் தீர்ந்ததால் அல்ல

மால்கோ என்பது மேட்டூரில் இருந்த அலுமினிய ஆலை; பாக்சைட் அலுமினியம் எடுக்கும் தாது. "சேர்வராயன் மலையில் பாக்சைட் தீர்ந்துபோச்சு, அதனால்தான் மால்கோவை மூடினாங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. சுரங்க அனுமதிச் சிக்கல்கள் இருந்தது உண்மை. ஆனால் 2008 இறுதியில் உருக்காலையை நிறுத்த வைத்தது விலைதான்.

கணக்கைப் பாருங்கள். சுமார் 4 டன் பாக்சைட்டிலிருந்து 2 டன் அலுமினா (தாதைச் சுத்திகரித்துக் கிடைக்கும் வெண்பொடி), அதிலிருந்து 1 டன் அலுமினியம். கடைசிக் கட்டமான மின்பகுப்புக்கு (மின்சாரம் பாய்ச்சி அலுமினாவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதற்கு) மட்டும் டன்னுக்கு 14,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும், பழைய மின்பகுப்புத் தொட்டிகள் இன்னும் அதிகம் இழுக்கும். 2008 ஜூலையில் டன் 3,300 டாலரை ஒட்டி விற்ற அலுமினியம், டிசம்பரில் 1,500 டாலர் அளவுக்குச் சரிந்தது. மின்சாரத்தை உலோகமாக்குவதைவிட அப்படியே விற்பதே நிறுவனத்துக்கு லாபம். அவர்களிடம் சொந்தமாக 100 மெகாவாட் அனல்மின் நிலையம் இருந்தது, அது தொடர்ந்து ஓடியது.

நிறுவனம் தப்பித்தது. அனல்மின் நிலையத்துக்கு வேண்டியது நிலக்கரி, ஏற்காட்டுப் பாக்சைட் அல்ல. அதனால் அடி விழுந்தது மலைப்பாதையில் பாக்சைட் லோடு அடித்த லாரிக்காரர்களுக்கும், அவர்களை நம்பியிருந்த பட்டறை, டயர் கடை, டீக்கடைகளுக்கும்தான். லாரிக் கடனுக்கான மாதத் தவணை அலுமினிய விலையைப் பார்த்துக் குறையாது.