கண் பூஞ்சைக்கு 'இம்யூனிட்டி ஊசி' வரவில்லை

ஒருவர், "கருவிழிப் பூஞ்சைக்கு இம்யூனிட்டி ஊசி வந்தாச்சு, நாட்டமைசின் (பூஞ்சையைக் கொல்லும் கண் சொட்டு மருந்து) பழசு, அதுவரை ஸ்டீராய்டு சொட்டு போட்டா சிவப்பு போயிடும்" என்கிறார். மூன்றுமே தவறு.

நோயெதிர்ப்பைக் குறிவைக்கும் மருந்துகள் பெரும்பாலும் இன்னும் எலிச் சோதனையில்தான் இருக்கின்றன. சிக்கல் இதுதான்: பூஞ்சையைக் கொல்ல வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் விடும் நொதிகளே கருவிழியைத் தாங்கும் கொலாஜன் புரதத்தையும் கரைக்கின்றன. அதிகம் தூண்டினால் கருவிழி ஓட்டையாகும். அடக்கினால் பூஞ்சை உள்ளே இறங்கும். ஸ்டீராய்டு செய்வது இரண்டாவது வேலை. ரெண்டு நாள் கண் வெளுத்து வலி குறையும், அந்த நிம்மதிதான் ஆபத்து.

சென்னை காசிமேட்டில் மீன் செதிலோ, மரப்பட்டறையில் தூளோ பட்டு, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முதலில் கண் மருத்துவர் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சில நிமிடங்களில் பூஞ்சை இழை தெரிந்துவிடும். கல்ச்சருக்கு, அதாவது அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க, பல நாளாகும்.

ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வகை என்றால் 5% நாட்டமைசின்தான் முதல் மருந்து. மதுரை உள்ளிட்ட ஊர்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில் அது வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தை முந்தியது. ஆரம்பத்தில் மணிக்கொரு சொட்டு, குறையக் குறைய இடைவெளி; வாரக்கணக்கில் போகும். அடியில் படியும் மருந்து, பாட்டிலைக் குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் விழும் (பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்). வேறு சொட்டு மருந்தும் போடுவதாக இருந்தால் நடுவே 5 நிமிடம் விடுங்கள். ஆழமான புண்ணுக்குள் நாட்டமைசின் சரியாக இறங்காது; அப்போது வேறு மருந்தோ கருவிழி மாற்றோ தேவைப்படலாம்.

ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை பக்கம்தான். ஏற்கனவே போட்ட சொட்டுப் பாட்டில்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.