ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

சனிக்கிழமை மகளின் பள்ளியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. மேடைக்குப் பின்னால் சத்துமாவு பானம் விற்கும் நிறுவனத்தின் பதாகை. முன்னால் நின்று பேசியவர் ஊட்டச்சத்து நிபுணர். அதைக் குடித்த பிள்ளைகள் உயரமாக வளர்ந்ததாக ஓர் ஆய்வைக் காட்டினார். "இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். "மேடம், அறிவியல் தெரியாமல் பேசாதீர்கள்" என்றார். முன்வரிசையில் கைதட்டல் வேறு.

அறிவியல் தெரிந்தவர்கள் செய்ததைச் சொல்கிறேன். 1965-இல் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அறக்கட்டளை, ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுத வைத்தது. இதய நோய்க்குச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பைக் குற்றம் சொன்ன அந்தக் கட்டுரை 1967-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. சர்க்கரை ஆலைகளின் பணம் பற்றி அதில் ஒரு வரி இல்லை. வரைவை முன்கூட்டியே படித்த அறக்கட்டளை அதிகாரி, தாங்கள் நினைத்திருந்தது இதைத்தான் என்று பதில் எழுதினார். பழைய கடிதங்களைத் தோண்டி கிறிஸ்டின் கேர்ன்ஸ் என்ற பல் மருத்துவர் இதை வெளிக்கொண்டு வந்தது 2016-இல். அரை நூற்றாண்டு!

அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்பீர்கள். சரி, 2015 எந்தக் காலம்? உடல் பருமனைக் குறைக்க உணவைவிட உடற்பயிற்சியைப் பற்றியே பேசிய ஓர் ஆய்வாளர் அமைப்புக்குக் கோகோ கோலா 15 லட்சம் டாலர் கொடுத்திருந்தது அந்த ஆண்டில்தான் அம்பலமானது. அந்த அமைப்புக்காகத் தான் வாங்கிய 10 லட்சம் டாலரைக் கொலராடோ பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுத்தது.

பணம் வாங்கினாலே முடிவு பொய்யா என்று கேட்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. யார் பணம் என்று சொல்லுங்கள் என்றேன். சொல்வதில் என்ன கஷ்டம்? நிறுவனம் கொடுக்காவிட்டால் ஆராய்ச்சியே நடக்காதாம். நடக்கட்டும், பெயரைப் போட்டு நடக்கட்டும். நம் நாட்டுச் சட்டத்துக்கே இந்த ஆபத்து தெரியும். இரண்டு வயது வரையிலான குழந்தை உணவை விற்கும் நிறுவனங்கள் மருத்துவர்களின் கருத்தரங்குக்கோ ஆராய்ச்சிக்கோ பணம் தரக் கூடாது என்று 2003-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. இரண்டு வயது முடிந்த மறுநாளே பணத்தின் குணம் மாறிவிடுமா?

என் அம்மா சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்து எங்களுக்கு இது போன்ற சத்துபானத் தூள் பாட்டிலை வாங்குவாள். விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்டவர் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்றார், நம்பினாள். அவளுக்கு வரக்காப்பிதான். தூள் தீர்ந்ததும் அடியில் இறுகிக் கிடப்பதில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, அந்தக் கழுவலை மட்டும் நின்றபடியே குடிப்பாள். அதில் சர்க்கரை எவ்வளவு என்று பாட்டிலைத் திருப்பிப் படிக்க நான் கற்றபோது அவளுக்கு நீரிழிவு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கழுவலால் வந்ததென்று சொல்லவில்லை. ஆனால் முட்டையும் கடலையும் வாங்கியிருக்க வேண்டிய காசு அது. அவள் நம்பிக்கையை வைத்து வியாபாரம் செய்தார்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அதே கேள்வியை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுக்கப்போகிறேன். கைதட்டியவர்களும் வரட்டும்.