14 செல் இருந்தால் மூளைக்காய்ச்சலாம்!

ஒரு பச்சைக் குழந்தையின் முதுகுத் தண்டுநீரில் வெள்ளையணுக்களை எண்ணிய லேப் ரிப்போர்ட்டின் படம், அந்தக் குழந்தைக்கு ஆன்டிபயாடிக்கை நிறுத்திய மருத்துவரைத் திட்டி, இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேசாமல் கடந்துபோகலாம் என்றுதான் இருந்தேன். "செல் கவுண்ட் 14. நார்மல் 5-க்குள். சிவப்பில் வேறு போட்டிருக்கிறது. இதைக்கூடப் படிக்கத் தெரியாதவர் ஆன்டிபயாடிக்கை நிறுத்தியிருக்கிறார்" என்று நேற்று ஒருவர் எழுத, கீழே வந்து விழுந்த வசவுகளைப் படித்த பிறகு முடியவில்லை.

அது பிறந்து 9 நாளான குழந்தை. அந்த 5 என்பது பெரியவர்களுக்கான அளவு. பிறந்த ஒரு மாதத்துக்குள் மூளைக்காய்ச்சல் இல்லாத குழந்தையின் முதுகுத் தண்டுநீரிலேயே வெள்ளையணு கூடுதலாகத்தான் இருக்கும். 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 28 நாளுக்குட்பட்ட அப்படிப்பட்ட குழந்தைகளில் 95 சதவீதம் பேருக்கு மைக்ரோலிட்டருக்கு 19 வரை இருந்தது. அடுத்த மாதக் குழந்தைகளுக்கு அதுவே 9. புரோட்டீனும் அப்படித்தான். பெரியவருக்கு 45-ஐத் தாண்டினால் யோசிப்போம். பச்சைக் குழந்தைக்கு 100-ஐ ஒட்டி வருவது சாதாரணம், குறைமாதம் என்றால் இன்னும் ஏறும். லேப் மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. 5-ஐத் தாண்டியதும் சிவப்பு.

அதே தாளில், 48 மணி நேரத்துக்குப் பிறகும் கல்ச்சரில் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) எதுவும் வளரவில்லை என்று இருக்கிறது. பாவம், அது கறுப்பு மையில் இருந்துவிட்டது.

வயதைப் பார்க்காமல் அந்த எண்ணைப் படிக்காதீர்கள். இதைத்தான் அங்கேயும் எழுதினேன். "டாக்டருக்கு டாக்டர் வக்காலத்து" என்று பதில் வந்தது. ஆமாம், வக்காலத்துதான். போதுமா?

ஒரே ஒருவர் உருப்படியாகக் கேட்டார்: "அப்படியென்றால் 20-க்குக் கீழே இருந்தால் நோயே இல்லையா?" அப்படியும் இல்லை. 2006-இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், 21-ஐ எல்லையாக வைத்தால் கல்ச்சரில் உறுதியான மூளைக்காய்ச்சலில் ஐந்தில் ஒன்று தவறிப்போகும் என்று தெரிந்தது. நோய் உறுதியான குழந்தைகளில் 38 சதவீதம் பேருக்கு ரத்தக் கல்ச்சரில் கிருமியே வளரவில்லை. அதனால்தான் எந்த மருத்துவரும் ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பதில்லை. எத்தனை மாதத்தில் பிறந்தது, பால் குடிக்கிறதா, எல்.பி.க்கு (முதுகில் ஊசி குத்தித் தண்டுநீர் எடுப்பதற்கு) முன்பே மருந்து போட்டாயிற்றா, ஊசி குத்தும்போது ரத்தம் கலந்ததா, அதே நேரத்து ரத்தச் சர்க்கரை எவ்வளவு என்று எல்லாம் பார்க்க வேண்டும். ரத்தம் கலந்தால் 500 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணு என்று கழிப்பார்கள். அந்தக் கணக்கும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. எடுத்த நீர் லேபில் இரண்டு மணி நேரம் சும்மா கிடந்தால் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணுக்களில் பாதி காணாமல் போய்விடும். இத்தனையும் கைபேசித் திரையில் தெரிகிறதா உங்களுக்கு?

"நோய் இல்லையென்றால் எதற்கு ஆன்டிபயாடிக் போட்டார்கள், காசுக்குத்தானே?" இது அடுத்தது. பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் கழுத்து இறுகாது. உச்சிக்குழி புடைப்பதற்குள் காலம் கடந்திருக்கும். சில நேரம் காய்ச்சல்கூட இருக்காது, உடம்பு சில்லிட்டுப் போகும், பால் குடிக்காது, அவ்வளவுதான். கல்ச்சர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மூளை தாங்காது. அதனால் சந்தேகம் வந்ததுமே ஆரம்பிக்கிறோம், இல்லை என்று தெரிந்தால் நிறுத்துகிறோம். ஆரம்பித்தால் பணத்தாசை, நிறுத்தினால் அலட்சியம். சரி, நாங்கள் என்னதான் செய்யட்டும்?

பால் குடிக்கவில்லை என்று மட்டும் சொல்லி ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று பாட்டி ஒரே பிடிவாதம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் குத்துவோம் என்று படம் வரைந்து காட்டினேன். "உங்களுக்கு என்னப்பா, எங்க பிள்ளைதானே" என்றார். மருந்தை ஆரம்பித்துவிட்டு, மறுநாள் அவர்கள் சம்மதித்த பிறகு எடுத்தோம். செல் ஆயிரத்துக்கு மேல். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை; முந்தைய நாள் மருந்து கிருமியைக் கொன்றிருக்கும். எந்தக் கிருமி என்றே தெரியாமல் 21 நாளும் முழுசாக ஊசி. முதல் நாளே எடுத்திருந்தால், கிருமியைப் பொறுத்து 14 நாளில் வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தப் பாட்டியின் மேல் எனக்குக் கோபமில்லை, பயந்துவிட்டார். அவருக்கு அந்தப் பயத்தை ஊட்டியவர்கள் மேல்தான் கோபம். இப்போது இந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேர் எல்.பி. வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகப்போகிறார்களோ.

இன்பாக்ஸில் ரிப்போர்ட் அனுப்பிக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. குழந்தையைப் பார்த்த மருத்துவரிடமே கேளுங்கள், அவர் சொல்வது புரியும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அப்புறம், அந்தப் படத்தைப் பகிர்ந்த நீதிமான்களே, அதில் அம்மாவின் பெயரும் கைபேசி எண்ணும் அப்படியே தெரிகிறது. முதலில் அதை எடுங்கள்.